டேக் பொருந்தும் வரை அந்தக் கோப்பைத் தொடாதீர்கள்

கணினி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பேக்கப் கோப்புகளை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் 'என்க்' கட்டளையில் ஏஇஎஸ்-256-சிபிசி என்ற குறியாக்க முறையில் பூட்டும் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். 'ஆதென்டிகேட்டட் என்கிரிப்ஷன்' (பூட்டுவதோடு, கோப்பு திருத்தப்பட்டதா என்றும் சரிபார்க்கும் முறை) இல்லாவிட்டால் பயனில்லை என்கிறார் நண்பர். 256 பிட் சாவி போதாதா?

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். சாவி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பிறர் படிப்பதைத்தான் தடுக்கும். கோப்பில் கைவைப்பதைத் தடுக்காது. சிபிசியில் பூட்டிய கோப்பின் நடுவில் யாரோ ஒரு பிட்டை மாற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். திறக்கும்போது அந்த 16 பைட் தொகுதி முழுக்கக் குப்பையாகும். அடுத்த தொகுதியில் அதே இடத்துப் பிட் மட்டும் புரளும். கட்டளையோ ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வேலையை முடித்துவிடும். வட்டுப் பழுதால் பிட் மாறினாலும் இதே கதைதான்.

'தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் பிழை வருகிறதே' என்று தோன்றலாம். அது கடைசித் தொகுதியின் பேடிங் (16 பைட்டை நிரப்பச் சேர்க்கும் பைட்டுகள்) பொருந்தாமல் வருவது. ஏறக்குறைய 256 தடவைக்கு ஒரு தடவை அது தற்செயலாகப் பொருந்திவிடும். குப்பை, நல்ல கோப்பு போலவே வெளியே வரும்.

ஏஇஎஸ்-ஜிசிஎம், சாச்சா20-பாலி1305 ஆகிய ஆதென்டிகேட்டட் முறைகள் பூட்டும்போதே சாவியைக் கொண்டு 16 பைட் டேக் (சரிபார்ப்பு முத்திரை) ஒன்றையும் கணக்கிட்டுத் தருகின்றன. ஒரு பிட் மாறினாலும் டேக் பொருந்தாது. 'என்க்' கட்டளையிடம் ஜிசிஎம் கேட்டுப் பயனில்லை, மறுத்துவிடும். பைத்தானுக்கு மாறுங்கள்; 'கிரிப்டோகிராஃபி' நூலகத்தின் ஏஇஎஸ்ஜிசிஎம் வகுப்பு இதற்குப் போதும்.

கேள்வி: அந்த வகுப்பைத்தான் பயன்படுத்துகிறேன். பாஸ்வேர்டைச் சாவியாகக் கொடுத்தால் நீளம் தவறு என்கிறது. நான்ஸுக்கு எந்த எண் வைப்பது, அதை எங்கே ஒளித்து வைப்பது?

பதில்: பாஸ்வேர்டு சாவி ஆகாது. அதிலிருந்து 32 பைட் சாவியை வடித்தெடுக்க வேண்டும். அதற்கு 'எஸ்கிரிப்ட்' என்ற சாவி வடிக்கும் முறை நல்லது. அதன் அளவுகள்: 'என்' 131072, 'ஆர்' 8, 'பி' 1. ஒவ்வொரு முயற்சிக்கும் 128 எம்பி நினைவகம் பிடிக்கும். பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்பவருக்கு அதுதான் தடை. பைத்தானுடன் வரும் ஹாஷ்லிப்பில் இதே அளவுகளைக் கொடுத்தால் நினைவக வரம்பு மீறியது என்ற பிழை வரும், அங்கே இயல்பு வரம்பு 32 எம்பிதான். 'மேக்ஸ்மெம்' மதிப்பை 256 எம்பிக்கு உயர்த்துங்கள். 'என்' அளவைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள்.

நான்ஸ் என்பது ஒவ்வொரு பூட்டலுக்கும் ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் எண். அது ரகசியமே அல்ல. கோப்பின் தலையிலேயே எழுதலாம். ஒரே சாவியில் இரண்டு தடவை வரக் கூடாது, அவ்வளவுதான். வந்தால் ஜிசிஎம் இரண்டு வகையில் உடையும்: இரண்டு கோப்புகளின் மூலப் பைட்டுகளுக்கு இடையிலான எக்ஸ்ஓஆர் (பிட் வாரியான வேறுபாடு) வெளிப்படும், டேக்கைக் கணக்கிடும் உள்சாவியையும் கண்டுபிடித்துப் போலி டேக் தயாரிக்க முடியும். சோதனைக்காக 12 சுழியன்களை நான்ஸாக வைத்துவிட்டு அப்படியே மறந்துபோவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. ஒவ்வொரு தடவையும் ஓஎஸ் தொகுப்பின் 'யூரேண்டம்' மூலம் 12 பைட் நான்ஸும் 16 பைட் சால்ட்டும் (சாவி வடிக்கும்போது பாஸ்வேர்டோடு சேர்க்கும் தற்செயல் பைட்டுகள்) புதிதாக எடுங்கள்.

கோப்பு இந்த வரிசையில் இருக்கட்டும்: 1 பைட் பதிப்பு எண், 16 பைட் சால்ட், 12 பைட் நான்ஸ், பூட்டிய தரவு, கடைசியில் 16 பைட் டேக். 1000 பைட் கோப்பு 1045 பைட்டாக வர வேண்டும். வேறு எண் வந்தால் எங்கோ ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. முதல் 29 பைட்டைக் கூடுதல் தரவாக, அதாவது பூட்டப்படாவிட்டாலும் டேக்கால் சரிபார்க்கப்படும் ஏஏடியாகக் கொடுங்கள். பதிப்பு எண்ணையும் யாரும் பிடிபடாமல் மாற்ற முடியாது. சிலர் கோப்பின் பெயரையும் அதில் சேர்க்கிறார்கள். பிறகு பெயரை மாற்றினால் 'இன்வேலிட்டேக்' பிழை வரும், அது கோளாறு அல்ல.

கேள்வி: 6 ஜிபி கோப்பில் ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. துண்டு துண்டாகப் படிக்கலாமா?

பதில்: ஏஇஎஸ்ஜிசிஎம் வகுப்பு ஒரே அழைப்பில் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. நூலகத்தின் கீழ்மட்ட சைஃபர் இடைமுகத்தில் துண்டு துண்டாக ஊட்டலாம். ஆனால் ஆபத்து திறக்கும் பக்கத்தில் இருக்கிறது: டேக் சரிபார்க்கப்படுவது கடைசியில், மூலத் தரவு வெளியே வருவதோ முதலிலிருந்தே. அதை நேராக 'டார்' கட்டளைக்குப் பைப் செய்தால், கோப்பு திருத்தப்பட்டது என்று தெரியும் முன்பே பாதி விரிந்திருக்கும். அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பில் எழுதி, டேக் பொருந்திய பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள், பொருந்தாவிட்டால் அழித்துவிடுங்கள். கடைசி 16 பைட் டேக் என்பதை மறந்து அதையும் தரவோடு ஊட்டுபவர்கள் உண்டு. நல்ல கோப்பும் தோற்கும்.

இதைவிடச் சிறந்த வழி லிப்சோடியம் என்ற குறியாக்க நூலகத்தின் 'சீக்ரெட்ஸ்ட்ரீம்'. தொடக்கத்தில் 24 பைட் தலைப்பு, பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் 17 பைட் கூடுதல். துண்டுகளை இடம் மாற்றினாலும் உருவினாலும் சரிபார்ப்பு தோற்கும். வாலை வெட்டியிருந்தால் 'இறுதி' என்ற குறி வந்து சேராது; அந்தக் குறி வந்ததா என்று ஸ்கிரிப்ட்தான் பார்க்க வேண்டும். 'கிரிப்டோகிராஃபி' நூலகத்திலேயே உள்ள ஃபெர்னெட் முறையை இந்த அளவுக்கு இழுக்காதீர்கள்: முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றும், எழுத்து வடிவான பேஸ்64 ஆவதால் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். சிறிய அமைப்புக் கோப்புகளுக்கு அது நன்றாகவே உதவும்.

கேள்வி: 32 பைட் சாவியைக் கோப்பில் வைத்தேன். ஒரு சர்வரில் 33 பைட் என்கிறது, இன்னொன்றில் 31 என்கிறது. ஏன்?

பதில்: 33-வது பைட், எடிட்டரோ 'எக்கோ' கட்டளையோ சேர்த்த வரிமுடிவு. 31 வருவது அதை நீக்க 'ஸ்டிரிப்' போட்டதால்: தற்செயல் சாவியின் ஓரத்து பைட்டே வரிமுடிவாகவோ இடைவெளியாகவோ அமைந்தால் அதுவும் போய்விடும். சாவியை 64 ஹெக்ஸ் எழுத்துகளாக எழுதுங்கள். படிக்கும்போது ஸ்டிரிப் செய்து, பிறகு பைட்டாக மாற்றுங்கள். கோப்பின் அனுமதி 600. கட்டளை வரியில் சாவியைக் கொடுக்காதீர்கள், 'பிஎஸ்' பட்டியலில் தெரியும்.

கேள்வி: ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பூட்டிய பழைய கோப்பு, புதிய கணினியில் சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் திறக்கவில்லை.

பதில்: 1.1.0 பதிப்பில், பாஸ்வேர்டிலிருந்து சாவியை வடிக்கும் இயல்பு ஹாஷ், எம்டி5-இலிருந்து எஸ்ஹெச்ஏ-256-க்கு மாறியது. கட்டளையில் 'எம்டி' விருப்பத்துக்கு எம்டி5 என்று கொடுத்துப் பாருங்கள். திறந்ததும் உள்ளடக்கத்தைக் கண்ணால் சரிபார்த்து, ஜிசிஎம்மில் மீண்டும் பூட்டுங்கள். புதிய கோப்பை ஒரு தடவை திறந்து ஒப்பிட்ட பிறகே பழையதை அழிக்கலாம்.