பாதம் எரிகிறது, மறதியும் வருகிறது: எச்ஐவி காரணமா?

கேள்வி: 2007 முதல் எச்ஐவி மாத்திரை சாப்பிடுகிறேன். வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் உண்டு. இரவில் போர்வை பட்டாலே பாதம் எரிகிறது. சாவியை வைத்த இடம் மறந்துபோகிறது. நரம்பு ஆராய்ச்சி ஒன்றில் சேரக் கூப்பிடுகிறார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்களாம். பயமாக இருக்கிறது டாக்டர். (வாசகி, வயது 54, சாட்ஸ்வர்த், டர்பன்)

பதில்: அம்மா, எரிச்சலுக்குப் பயந்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வைரஸ் அடங்கியிருப்பதுதான் உங்கள் நரம்புகளுக்கு இருக்கும் பெரிய காவல்.

எரிச்சலுக்கு எச்ஐவியே காரணமாகலாம். ஆனால் நீங்கள் ஆரம்பித்த காலத்தில் இங்கே தென்னாப்பிரிக்காவில் ஸ்டாவுடின் என்ற எச்ஐவி மாத்திரைதான் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அது கால் நரம்பைக் கெடுக்கும் என்பதால் 2010-இல் புதிதாகத் தொடங்குவோருக்கு அதற்குப் பதில் டெனோஃபோவிர் மாத்திரை வந்தது. பழைய மாத்திரையை விட்டாலும் அது செய்த சேதம் பல வருடம் நிற்கும். காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரையும் நரம்பைத் தாக்கும். மெட்ஃபார்மின் பி12 சத்தைக் குறைக்கும். அதனால் பி12 பரிசோதனை கட்டாயம் கேளுங்கள். டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது மெட்ஃபார்மினை ரத்தத்தில் ஏற்றிவிடும். இரண்டும் சேர்ந்தால் மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

மறதிக்கு வருகிறேன். வைரஸ் உடம்பில் புகுந்த சில வாரங்களுக்குள்ளேயே மூளைக்கும் போய்விடுகிறது. நரம்பு செல்லுக்குள் அது குடியேறுவதில்லை. மூளையின் பாதுகாப்பு செல்களில் தங்கி, அழற்சியைக் கிளப்பி நரம்பைப் பாதிக்கிறது. ஆனால் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கடுமையான மறதிநோய் வருவது இப்போது அபூர்வம். தூக்கம் கெட்டாலும் மனச்சோர்வு இருந்தாலும் சாவி மறக்கும். கிளினிக்கில் விரலை வேகமாகத் தட்டச் சொல்வார்கள், நான்கு வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். சில நிமிட வேலைதான், செய்து பாருங்கள்.

சரி, ஆராய்ச்சி. இந்த எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை கொடுப்பது வழக்கம். ஜோகன்னஸ்பர்க்கில் செய்து 2015-இல் வெளியான ஆய்வு, அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக உதவவில்லை என்று காட்டியது. உங்களைப் போன்றவர்கள் சேர்ந்ததால்தான் அது தெரிந்தது. அதனால் சேர்வதை நான் வரவேற்கிறேன். கீழ் முதுகில் ஊசி குத்தும் இடம் மரத்துப்போக மருந்து போட்டுவிட்டுத்தான் தண்டுவட நீரை எடுப்பார்கள். சிலருக்கு அப்புறம் சில நாள் தலைவலி இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். முதுகு ஊசி மட்டும் வேண்டாம் என்றால், அது இல்லாமல் சேர முடியுமா என்று கேளுங்கள். மறுத்தாலும், பாதியில் விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக்கூடாது. படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்று மட்டும்: காய்ச்சலோடு கடும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது இவற்றில் எது வந்தாலும் ஆராய்ச்சித் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.