பனானா பிரெட்டில் பிரெஞ்ச் டோஸ்ட்: ஊற வைக்காதீர்கள், தோய்த்தெடுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மூன்று நாளான பனானா பிரெட் மிஞ்சிக் கிடந்தது. பாணில் பொம்பாய் டோஸ்ட் போடுவதுபோலவே முட்டையும் பாலும் அடித்து ஊற வைத்தேன். தூக்கும்போதே பாதி உடைந்து கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டது. மிச்சம் வெளியே கருகி, உள்ளே களி மாதிரி இருந்தது. என்ன பிழை விட்டேன்?"

பெயரில் பிரெட் இருந்தாலும் அது பாண் இல்லை, கேக். பாண் மாவை ஈஸ்ட் போட்டு அடித்துப் பிசைவதால் மாவிலுள்ள குளுட்டன் என்ற புரதம் வலைபோல் இறுகிக்கொள்ளும். பாலைக் குடித்தாலும் துண்டு தாங்கும். பனானா பிரெட் மாவையோ மெதுவாக இருக்கட்டும் என்று அதிகம் கிளறாமல் விடுகிறோம். அதற்குமேல் பழத்தின் ஈரம் வேறு. ஏற்கெனவே ஈரமாக இருப்பதை இன்னும் ஊற வைத்தால் எப்படி நிற்கும்?

ஆகவே முதலில் காய வையுங்கள். 2 சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, கம்பித் தட்டில் பரப்பி, மூடாமல் ஓரிரவு பிரிட்ஜில் வையுங்கள். பிரிட்ஜ் குளிரில் பாணும் கேக்கும் சீக்கிரம் விறைத்துவிடும் என்று சலித்துக்கொள்வோமே, இங்கே அதுதான் நமக்கு உதவி. மேசையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். கொழும்புப் புழுக்கத்தில் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். அவசரமென்றால் 150 பாகை அவணில் 10 நிமிடம், இடையில் ஒருமுறை திருப்பிவிட்டு. தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது, அதுதான் பதம்.

4 துண்டுக்கு 2 முட்டை, கால் கப் பால், ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி கறுவாத் தூள். பாலுக்குப் பதில் தேங்காயின் முதற்பால் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். சீனி வேண்டவே வேண்டாம். பிரெட்டில் இருக்கும் சீனியும் பழமும்தான் உங்களுக்குக் கருகியது. வெள்ளைக்கரு நூல்நூலாக நின்றால் வெடுக்கு அடிக்கும், அதனால் நன்றாக அடித்து வடித்துவிடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு பத்து எண்ணும் வரை தோய்த்தால் போதும். தாச்சியில் பட்டரோடு கொஞ்சம் எண்ணெயும் விடுங்கள், பட்டர் மட்டுமென்றால் சீக்கிரம் கருகும். நெருப்பு குறைவாகவே இருக்கட்டும். துண்டைப் போட்டபின் 3 நிமிடம் கை வைக்காதீர்கள். அடிப்பக்க முட்டை இறுகாத வரை துண்டு தாச்சியை விடாது. நீங்கள் கிளப்பினால் பாதி அங்கேயே தங்கிவிடும். ஓரம் தானாகக் கழன்றதும் அகலமான தட்டைக்கரண்டியால் திருப்புங்கள். நடுவில் அழுத்தினால் ஈரம் கசிகிறதா? மூடிபோட்டு இன்னும் ஒரு நிமிடம்.

கித்துள் பாணியைத் தட்டில் வைத்தபிறகு கொஞ்சமாக விடுங்கள். மேலே பழம் வேண்டுமென்றால் கதலி நல்லது, அந்த லேசான புளிப்பால் திகட்டாது.

அப்புறம், உடைந்தவற்றை எறியாதீர்கள். மிஞ்சிய முட்டைப் பாலோடு சிறு கிண்ணங்களில் போட்டு, வட்டிலப்பம் அவிப்பதுபோல் 20 நிமிடம் அவித்தெடுங்கள். பிள்ளைகள் கரண்டியோடு வந்து நிற்பார்கள்.