அந்தப் பழைய கேமராவுக்குத் தோல் மாற்றலாமா?

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த அவருடைய மாமனாரின் பெட்டியில் 'லைக்கா' என்ற ஜெர்மன் பெயர் பொறித்த கறுப்பு ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பு) கேமரா ஒன்று கிடைத்ததாம். மேல்தோல் அங்கங்கே பெயர்ந்திருக்கிறது, ஓரங்களில் கறுப்பு தேய்ந்து பித்தளை தெரிகிறது, ஷட்டர் சிக்கிக்கொண்டு நிற்கிறது. ஷூ கம்பெனியில் வேலை என்பதால் நல்ல தோலுக்குப் பஞ்சமில்லை, புதுசாக ஒட்டி, பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைக்கலாமா, அதற்கு முன் இது அசல்தானா என்கிறார்.

முதலில் பாலிஷ் துணியைக் கீழே வையுங்கள். தோல் ஊரிலேயே இருப்பவருக்கு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் அசல் லைக்காவாக இருந்தால் அது தோலே இல்லை. வல்கனைட் என்கிற கெட்டி ரப்பர். வயதாக ஆக மொறுமொறுவென்று ஆகிச் சில்லு சில்லாகப் பெயரும். சேகரிப்பவர்கள் பெயர்ந்த வல்கனைட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், அதன்மேல் ஒட்டிய புதுத் தோலைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். விழுந்த சில்லுகளை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை தெரிவதும் குறையல்ல, யாரோ பல வருஷம் கையில் வைத்துப் படம் எடுத்த அடையாளம் அது.

சரி, அசலா? ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்த லைக்கா 2 வந்தது 1932இல். அதைப் பார்த்து 1934 முதல் கார்கிவில் ஃபெட், 1948 முதல் மாஸ்கோ பக்கம் ஸோர்க்கி என்று சோவியத் ஆட்கள் நகல் செய்தார்கள். அவற்றில் ஏராளமானவை பிற்பாடு கறுப்போ தங்க நிறமோ பூசிக்கொண்டு 'லைக்கா' என்ற பெயரோடு சந்தைக்கு வந்தன. நாஜிக் கழுகும் 1936 ஒலிம்பிக் வளையமும் பொறித்து யாராவது கொண்டுவந்தால் பெரும்பாலும் இந்த ரகம்தான். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. லென்ஸைத் திருகிக் கழற்றி, அது இருந்த வாய்க்குள் மேல்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரைத் தள்ளுகிற சின்னக் கரம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் உருளும் சக்கரம் இருந்தால் லைக்கா, விரல் நுனி மாதிரி கெட்டித் துண்டாக இருந்தால் ஃபெட்டோ ஸோர்க்கியோ. கேமராவின் மேலே பொறித்த வரிசை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். எண் 1932க்கு முந்தியதாக இருக்கிறதே என்று உடனே போலி என்றும் ஒதுக்கிவிடாதீர்கள், இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாத பழைய லைக்கா 1ஐ வாங்கி அதைப் பொருத்தித் தரும் வேலையை லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் தொழிற்சாலையே செய்தது, அதே எண்ணோடு.

திருகாணித் தலைகளையும் பாருங்கள். காடி சிதைந்திருந்தால் பழக்கமில்லாத கை உள்ளே போயிருக்கிறது. நான் ஒருமுறை அதைக் கவனிக்காமல் வாங்கி, உள்ளே பாதி பாகம் வேறு கேமராவுடையது என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஷட்டர் சிக்கியதற்குக் காய்ந்துபோன கிரீஸ் காரணமாக இருக்கலாம். எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் அடித்துவிடாதீர்கள், அது ஷட்டரின் ரப்பர் பூசிய துணித் திரையில் ஊறிவிடும். பழகிய மெக்கானிக் கிடைக்கும்வரை அப்படியே இருக்கட்டும். இன்னொன்று, இதில் எஸ்எல்ஆர் கேமரா மாதிரி உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி கிடையாது. மூடி போடாமல் நம் வேலூர் வெயிலில் சூரியனைப் பார்க்க வைத்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவதுபோல லென்ஸ் அந்தத் திரையில் ஓட்டை போட்டுவிடும்.

அப்புறம், கேமராவோடு பழைய தோல் உறையும் இருந்தால் பத்திரமாக வையுங்கள், ஆனால் கேமராவை அதற்குள் போட்டு மூடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஐப்பசி கார்த்திகையில் லென்ஸில் பூஞ்சை வர அது போதும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் போட்டுத் தனியாக வையுங்கள்.

லென்ஸைக் கழற்றியதும் ஜன்னலோரம் வைத்து அந்தக் கரத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், மேலே உள்ள எண்ணையும் சேர்த்து. விலை பேச யாராவது வந்தால், அதுவரை பேச்சு கொடுக்காதீர்கள்.