ஓட்டுக்கும் ஒட்டுக்கடைக்கும் என்ன உறவு?

கேள்வி: ஜனநாயகம் இருந்தால்தான் தொழில் தழைக்கும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சீனாவில் யார் ஓட்டுப் போட்டு இவ்வளவு வளர்ந்தார்கள்? வியாபாரிக்கு ஒழுங்கு இருந்தால் போதும், தேர்தல் வீண் செலவு என்கிறேன். சரிதானே?
- ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பாதிதான் சரி ஐயா. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஓட்டு இல்லாத ஊரிலும் சந்தை நடக்கும். அதற்குச் சீனா வரை போக வேண்டியதில்லை, நம் பினாங்கே சாட்சி. 1786-இல் ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் லைட் இங்கே வந்து இறங்கிய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தீவைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள் சூலியா தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் கடை போட்டார்கள். வியாபாரம் கொழித்தது. ஓட்டு யாருக்கும் கிடையாது.

சரி, அந்த வியாபாரச் சுதந்திரம் யாருக்கு இருந்தது? அதே துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக இறங்கிய தமிழர்கள் உங்கள் கரைக்குத்தான் வந்தார்கள், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு. கப்பல் செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறியது. ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. சர்க்கரையை நல்ல விலை வந்த இடத்தில் விற்க முதலாளிக்கு உரிமை இருந்தது. தன் உழைப்பை நல்ல கூலி கிடைக்கும் இடத்தில் விற்க அதை விளைவித்தவனுக்கு உரிமை இல்லை. அந்த ஒப்பந்த முறை 1910-இல்தான் ஒழிந்தது. ஒழுங்குக்கு அன்று ஒரு குறையும் இல்லை ஐயா.

ஜனநாயகம் என்றதும் ஓட்டுப்பெட்டி மட்டும் நம் கண்ணில் படுகிறது. சட்டத்தின் முன் எல்லாரும் சமம், ஆள்பவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், குறை சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது, தோற்றவர் பதவியை விட்டு இறங்க வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் அது. நம் மலேசிய அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவு, சட்டப்படி அல்லாமல் எவர் சொத்தையும் எடுக்கக் கூடாது, கட்டாயமாக எடுத்தால் போதிய இழப்பீடு தர வேண்டும் என்கிறது. கடை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய வரி இது.

சீனாவுக்கு வருவோம். 2020 அக்டோபரில் அலிபாபா நிறுவனர் ஜாக் மா நிதிக் கட்டுப்பாட்டு முறையை மேடையில் குறை சொன்னார். நவம்பரில், அவருடைய ஆண்ட் குழுமத்தின் பங்குகள் சந்தைக்கு வர இரண்டே நாள் இருந்தபோது எல்லாம் நிறுத்தப்பட்டது. கட்டுப்பாடு தேவைப்பட்டிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய முதலாளிக்கே அரசை எதிர்த்து முறையிட, கட்சியின் பிடிக்கு வெளியே ஒரு நீதிமன்றம் இல்லை. இங்கே 2015-இல், 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பண மோசடி விவகாரத்தை எழுதிய தி எட்ஜ் வணிக ஏடுகளின் உரிமத்தை உள்துறை அமைச்சு மூன்று மாதத்துக்கு முடக்கியது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2018 மே 9-இல் மக்கள் ஆட்சியையே மாற்றினார்கள்.

நம்மிடமும் பெருங்குறை ஒன்று உண்டு. மார்க்கெட் தெருப் பக்கம் நான் வழக்கமாக வடை வாங்கும் ஒட்டுக்கடை அக்கா, லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார். எண்ணெய்ப் புகை படிந்து உறையின் ஓரம் மஞ்சளாகிவிட்டது. நாடாளுமன்றத்துக்கு ஒன்று, மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒன்று என இரண்டு ஓட்டு அவருக்கு. அந்த லைசென்ஸைக் கொடுக்கும் மாநகர் மன்றத்துக்கு மட்டும் ஓட்டு இல்லை. மலாயாக் கூட்டரசிலேயே முதல் நகராட்சித் தேர்தல் 1951-இல் நடந்தது இதே ஜார்ஜ்டவுனில்தான். 1965-இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள், 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டிவிட்டது. மீண்டும் நடத்தப் பினாங்கு அரசு 2012-இல் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தத் தேர்தல் திரும்ப வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் விடாமல் எழுதுவேன். செலவுதான் என்று இன்னமும் நினைத்தால், உங்கள் கணக்கை எழுதி அனுப்புங்கள் ஐயா. ஒரு வரி வெட்டாமல் அச்சிடுகிறேன்.