கறுப்பாக இருப்பவர்கள் தினமும் அலுவலகத்துக்கு எந்த நிறங்களில் உடுத்தினால் எடுப்பாக இருக்கும்?

அடுத்த மாதம் முதல் வேலையில் சேரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கறுப்பு நிறம், ஐந்தடி உயரம். வீட்டில் "லைட் கலராப் பாத்து எடு, உனக்கு டார்க் எடுக்காது" என்கிறார்கள், அது சரியா என்பது உங்கள் கேள்வி.

சரியில்லை. நானும் கறுப்புதான், ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. இருபத்திரண்டு வருடமாகப் புடவையிலும் சுடிதாரிலும் அலுவலகம் போய் வருகிறேன். அதில் முதல் ஏழெட்டு வருடம் இதே பேச்சைக் கேட்டு, சந்தனம், பிஸ்தா, பேபி பிங்க் என்று வாங்கி அடுக்கினேன். தினமும் யாராவது ஒருவர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

கோளாறு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. நம் ஊரில் 'கலரா இருக்கா' என்றால் வெளுப்பாக இருக்கிறாள் என்று பொருள். அதனால் உடை எடுப்பாக இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தவர்கள், அதில் ஆள் வெளுப்பாகத் தெரிகிறாளா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எடுப்பு வேறு, வெளுப்பு வேறு. கறுத்த ஆண் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றால் யாராவது குறை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு இன்னும் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் மூக்கும் முழியும் பளிச்சென்று தெரியும். அதுதான் எடுப்பு. பெண்ணுக்கு மட்டும் ஏன் கணக்கு மாறுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

பக்கத்து நிறத்தின் இந்த வேலை பழைய சங்கதி. பாரிஸில் கோப்லான் என்ற திரைச்சீலை நெசவுக்கூடம் உண்டு. அங்கே 1824-ல் சாயப் பிரிவின் பொறுப்புக்கு வந்த செவ்ரூல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் சரியில்லை, மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையே இல்லை. நெசவில் அந்தக் கறுப்புக்கு அருகில் வந்த நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டியிருக்கின்றன. அதை ஆராய்ந்து 1839-ல் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். உங்கள் முகமும் அந்தக் கறுப்பு நூல் மாதிரிதான். முகத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பதுதான் விஷயம்.

சரி, எதை வைப்பது? என் அனுபவத்தில் கறுத்த தோலுக்கு அதிகம் காலை வாருவது அடர் நிறம் இல்லை. தோலுக்கு நெருக்கமான, சாம்பல் கலந்த, இரண்டுங்கெட்டான் நிறங்கள்தான். மங்கிய சந்தனம், காக்கி, பால் அதிகமாகிப்போன காப்பி நிறம். துணி எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, எம்.எஸ். ப்ளூ எல்லாம் தைரியமாக எடுக்கலாம். (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் காஞ்சிபுரத்து நீலம் அது. இன்றும் கடையில் பெயரைச் சொன்னாலே எடுத்துப் போடுவார்கள்.) மயில் கழுத்தில் ஒரு வசதி உண்டு. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம் என்பதால் அசைய அசைய நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். ஒன்று முகத்துக்கு ஒத்துப்போகாவிட்டாலும் மற்றது காப்பாற்றிவிடும்.

காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையைப் பாருங்கள். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு, பெரிய கட்டம். 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் வெயிலில் கறுத்த நம் ஊர்ப் பெண்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள். அவர்களிடம் யாரும் லைட் கலர் கட்டச் சொல்லவில்லை.

இணையத்தில் மணிக்கட்டு நரம்பைப் பார்க்கச் சொல்வார்கள். நரம்பு பச்சையாகத் தெரிந்தால் இந்த நிறங்கள், நீலமாகத் தெரிந்தால் அந்த நிறங்கள் என்று. என் கையில் நரம்பைத் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். நமக்குச் சரிப்படுவது வேறு வழி. ஒரே நிறத்தில் இரண்டு சாயலை எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை மஞ்சள் ஒன்று, கடுகு மஞ்சள் ஒன்று. அரக்குச் சிவப்பு ஒன்று, ராணி பிங்க் ஒன்று. துணி சொந்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா யாருடையதாகவும் இருக்கலாம். பகலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பொட்டு தவிர வேறு ஒப்பனை இல்லாமல், ஒவ்வொன்றாகத் தாடைக்குக் கீழே போர்த்திப் பாருங்கள். ஒன்றில் கண்ணுக்குக் கீழ் கருவளையம் முதலில் கண்ணில் படும். இன்னொன்றில் உங்கள் கண்தான் முதலில் தெரியும். இரண்டாவதுதான் உங்களுக்கு. 'மஞ்சள் எனக்கு எடுக்காது' என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு எடுக்காதது எலுமிச்சை மஞ்சள் மட்டும்தான். போனில் படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திவிடும்.

கடையில் என்ன செய்வது என்பதற்கு என் அத்தைதான் குரு. எந்தக் கடையானாலும் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்துவிடுவார். கடைப் பையன் பின்னாலேயே ஓடி வருவான். "ஓடிப்போக மாட்டேம்ப்பா, வெளிச்சத்துல பாக்கணும்" என்பார். எனக்கு அப்போது மானம் போகும். அத்தை செய்தது நூற்றுக்கு நூறு சரி. துணி தன்மேல் விழுகிற ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்புகிறது. விளக்கில் குறைவாக இருக்கும் நிறத்தைத் துணியால் கொடுக்க முடியாது. டியூப்லைட்டில் அச்சு அசலாகப் பொருந்திய புடவையும் ரவிக்கைத் துணியும் தெருவுக்கு வந்ததும் பிரிந்து நிற்பதும் இதனால்தான். இரண்டுக்கும் சாயம் வேறு வேறு. அதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர் இருக்கிறதாம், அத்தைக்கு அது தெரியாது. நான் ஒரு முறை மானத்தைப் பார்த்து உள்ளேயே நின்று வாங்கியதுதான் அந்தப் பிஸ்தா பச்சைப் புடவை. கடையில் இளந்தளிர் மாதிரி இருந்தது. வீட்டு வாசலில் பிரித்தால் ஆஸ்பத்திரிச் சுவர்.

அந்தப் புடவையை நான் தூக்கிப் போடவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் வருவது ரவிக்கையும், தோளில் கிடக்கும் முந்தானையும். மீதியெல்லாம் தூரத்தில் இருக்கிறது. அதே பிஸ்தாவுக்கு அரக்கில் கழுத்து சற்று மூடிய ரவிக்கை தைத்ததும் ஆளே மாறிவிட்டேன். சுடிதாருக்குத் துப்பட்டா இதே வேலையைச் செய்யும். ஆகவே ஏற்கெனவே வாங்கி வைத்த லைட் கலர்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ரவிக்கையை மாற்றுங்கள்.

உயரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐந்தடி ஆளுக்கு எட்டு அங்குல பார்டர் வந்தால் கெண்டைக்கால் வரை பார்டர்தான் நடந்து போகும். இரண்டு மூன்று அங்குலம் போதும். ரவிக்கை நிறமும் புடவை நிறமும் வெட்டிக்கொண்டு நின்றால் உடம்பு இரண்டு துண்டாகத் தெரியும் என்பதும் உண்மை. அதனால் என் பிஸ்தா-அரக்கு ஜோடி என்னைக் குட்டையாகத்தான் காட்டும். முகமா உயரமா என்றால் நான் முகத்தைத் தேர்ந்தெடுப்பேன், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு உயரம் எதற்கு? குர்த்தி என்றால் நிறத்துக்கு முன்னால் தோள் தையலைப் பாருங்கள். தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். கைக்கு இறங்கிவிட்டால் எவ்வளவு நல்ல நிறமும் இரவல் துணி மாதிரி இருக்கும்.

அப்புறம் வியர்வை. பஸ்ஸில் போகப்போகிறவர் என்றால் இது முக்கியம். நனைந்த துணி கருக்கும். சாம்பல், வான நீலம், இளம் ரோஜா இவற்றில் அக்குள் ஈரம் ஊருக்கே தெரியும். வெள்ளையிலும் நல்ல கருநீலத்திலும், சின்னச் சின்னப் பூப்போட்ட துணியிலும் அவ்வளவாகத் தெரியாது. பருத்தி கசங்கும்தான், கசங்கட்டும். சென்னை மே மாதத்தில் பாலியஸ்டர் போட்டுவிட்டு முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்றால் நடக்காது.

முதல் மாதத்துக்கு நிறைய வாங்க வேண்டாம். கருநீலத்தில் ஒன்று, அரக்கில் ஒன்று, கடுகு மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் பூப்போட்டது ஒன்று. மீதி நாளுக்கு வீட்டில் இருப்பதே போதும், அரக்கிலும் கருநீலத்திலும் இரண்டு ரவிக்கை தைத்துக்கொண்டால் பழைய லைட் கலர்களில் பாதி தேறிவிடும். ரவிக்கைத் துணி எடுக்க மேட்சிங் சென்டருக்குப் போகும்போது புடவையைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டோவைக் காட்டி வாங்காதீர்கள். வாசல் வரை நடக்க வெட்கமாக இருந்தால் அத்தையைக் கூட்டிப்போங்கள்.