மார்கழி நிலாவும் திருமலை வானமும்

வணக்கம் அண்ணா,

மார்கழிப் பௌர்ணமியன்று பின்னேரம் வரை இங்கே அடைமழை. இரவு கரன்ட்டும் இல்லை. பத்து மணிபோல முகில் விலகியதும் முற்றத்தில் அப்படியொரு வெளிச்சம்! தென்னோலை நிழல் கீற்றுக் கீற்றாக மணலில் விழுந்தது. குளிர்காலத்தில் நிலா உயரப் போகும், அதுதான் காரணம் என்கிறாள் ரொறொன்ரோவில் இருக்கும் அக்கா. 1999இல் 133 வருடத்துக்கு ஒருமுறை வரும் நிலா என்று பேசினார்களே, இதுவும் அப்படித்தான் என்கிறார் அப்பா. எது சரி?

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கண்டது மனமயக்கம் இல்லை. ஆனால் காரணம் நிலாவில் இருப்பதைவிட உங்கள் ஊரில்தான் அதிகம் இருக்கிறது.

அப்பா சொல்வது 1999 டிசம்பர் 22. பௌர்ணமி, நிலா பூமிக்குக் கிட்ட வரும் நாள், சூரியன் தென்கோடியைத் தொடும் நாள் மூன்றும் அன்று ஒன்றாக வந்தன. அவ்வளவும் உண்மை. 133 வருடம் என்பது மட்டும் மின்னஞ்சலில் பரவிய கதை. அன்று நிலா 356,654 கிலோமீற்றரில் நின்றது. 1912 ஜனவரி 4இலோ அதைவிடக் கிட்ட, 356,375இல் நின்றிருக்கிறது. சராசரித் தூரம் 384,400. கணக்குப் போட்டால் வழக்கமான பௌர்ணமியைவிட ஆறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கூடும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு நிலா இல்லாதபோது அது கண்ணுக்குப் பிடிபடாது.

அக்கா சொல்வது அவருடைய ஊருக்கு மிகச் சரி. அங்கே ஆனிப் பௌர்ணமி தாழ்வாகவே போய் மறையும். மார்கழியில் உச்சிக்குக் கிட்ட ஏறும், கீழே கிடக்கும் பனியும் வெளிச்சத்தைத் திருப்பிவிடும். திருமலை, அதாவது உங்கள் திருகோணமலை, இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில். நமக்கு எந்த மாதமும் பௌர்ணமி உயரத்தில்தான் போகிறது, அதனால் அந்த விளக்கம் இங்கே ஒட்டாது. குளிர்நாட்டு வானத்தையே எல்லோருக்கும் பொது வானமாக எழுதிவைத்திருப்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. நம் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத் தலைக்கு மேலே இருப்பதைப் பார்க்காமல் போகிறார்கள்.

உங்களுக்கு அன்று வாய்த்தது வேறு. வாடைக்காற்று மழை தூசியையும் புகையையும் கழுவிவிட்டிருந்தது. தெருவிளக்கு இல்லை. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடமாவது வேண்டும். கரன்ட் இல்லாத வீட்டில் உங்கள் கண் அதற்கு முன்பே பழகிவிட்டது. அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் முகில் சட்டென்று விலகினால் எந்தப் பௌர்ணமியும் பகலாகத்தான் தெரியும். இதை நிலாவின் அபூர்வம் என்று சொல்லித் தட்டிவிடாதீர்கள். இது உங்கள் ஊர் மாரிகாலம் கொடுத்தது.

திருமலைக்கென்று இன்னொன்றும் உண்டு. மார்கழி, தைப் பௌர்ணமிகள் நமக்கு உச்சியைத் தாண்டி வடக்குப் பக்கமாகப் போகின்றன. தைப்பூசத்துக்கு வானம் வெளித்திருந்தால் நடுச்சாமத்தில் வெளியே நின்று பாருங்கள். உங்கள் நிழல் குட்டையாகத் தெற்கே விழும். அன்று மத்தியான வெயிலில் அதே நிழல் வடக்கே விழுந்திருக்கும். ரொறொன்ரோவில் இரண்டுமே வடக்கேதான். அக்காவையும் அங்கே பார்க்கச் சொல்லுங்கள்; இரண்டு பேரும் கண்டதை எனக்கு எழுதுங்கள்.