மகளுக்கு மீ.பொ.கா. 24 வந்தது ஏன்?

வணக்கம். 84, 120 இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி (மீ.பொ.கா., அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) கேட்டதற்கு உங்கள் மகள் 24 என்று எழுதியிருக்கிறாள், காரணிகளைச் சரியாகப் பிரித்தும் விடை தப்பியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

பிரித்தது சரிதான். 84 = 2 × 2 × 3 × 7. 120 = 2 × 2 × 2 × 3 × 5. அவள் 120-இல் இருக்கும் மூன்று 2-ஐயும் எடுத்துவிட்டாள். 84-இல் இரண்டுதானே இருக்கிறது! 24-ஆல் 84-ஐ வகுக்கச் சொல்லுங்கள், 12 மீதி நிற்கும்.

துண்டுச் சீட்டுகளில் இந்தக் காரணிகளை எழுதி, இரண்டு வரிசையாக வைத்து ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். 2-க்கு இரண்டு ஜோடி, 3-க்கு ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சீட்டு எடுத்துப் பெருக்கினால் 12. அதுதான் மீ.பொ.கா. அப்புறம், ஜோடி கிடைக்காத 7, 2, 5 மூன்றையும் அந்த 12-உடன் பெருக்கினால் 840. அது மீச்சிறு பொது மடங்கு, அதாவது 84, 120 இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண்.

நீங்கள் நாகர்கோவில் என்பதால் தோவாளைப் பூச்சந்தையையே உதாரணமாகச் சொல்லலாம். 84 ரோஜா, 120 செவ்வந்தி. மிச்சமில்லாமல், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்படி அதிகபட்சம் எத்தனை கொத்து கட்டலாம்? 12. கொத்துக்கு 7 ரோஜா, 10 செவ்வந்தி. என் அனுபவத்தில், பூவைச் சொன்னதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

சரிபார்க்க: மீப்பெரு பொதுக் காரணியையும் மீச்சிறு பொது மடங்கையும் பெருக்கினால், அந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவதே வர வேண்டும். 12 × 840, 84 × 120 இரண்டுமே 10,080. இந்தச் சோதனை இரண்டு எண்களுக்கு மட்டும்தான். மூன்று எண் வந்தால் பொதுவாகப் பொருந்தாது.